கையுறைக்குள்

இடது கைக்குக் கையுறை ஏறவே இல்லை. சவப்பெட்டிக்காரர் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் ஒரே இடத்துக்குள் போய் மாட்டிக்கொண்டன. வெளியே எடுத்து மறுபடியும் முயன்றார். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தெல்லாம் அந்தக் கை வழியாகத்தான் இறங்கியிருந்தது. புறங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. வலது கைக்கு மட்டும் போட்டுவிட்டு இடது கையை அதற்குக் கீழே வைத்துவிடலாம், வெளியே தெரியாது என்றார் அவர்.

தலைமாட்டில் நின்ற மூத்த மகள், பெரியவள், சரி என்று தலையாட்டினாள். எது சீக்கிரம் முடிந்தாலும் அவளுக்குச் சரிதான். ஆனால் சன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவிட்டார்.

"வைங்க. நான் போட்டு விடறேன்."

பெரியவளின் கண் அவருடைய சட்டைப்பைக்குப் போனது.

போனதில் நியாயம் உண்டு. அப்பா நகைக்கடைக்காரர். ஊரில் பாதிப் பெண்களின் கையளவு அவருக்கு மனப்பாடம். மூன்று விரல்களில் மூன்று மோதிரங்கள் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கடைக்கு வெளியே தொங்கும் பெயர்ப்பலகையைவிட அந்த விரல்களுக்குத்தான் வியாபாரம் அதிகம். இறுக்கமான வளையலைப் போட மற்ற கடைகளில் சோப்பைத் தேடுவார்கள். அப்பா ஒரு மெல்லிய பாலிதீன் பையை வாங்க வந்த அம்மாளின் கையில் மாட்டி, "வலிக்காதும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் வளையல் மணிக்கட்டுக்குப் போயிருக்கும். பையை உருவினால் வேலை முடிந்தது. முதலாளி கையைப் பிடித்தால் வளையல் உள்ளே, பில் வெளியே என்று கடைப் பையன்கள் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவரின் மனைவி உடம்பில் பொட்டுத் தங்கம் கிடையாது. பெரியவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு சின்ன சபையில் சேர்ந்தாள். அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுப்பவர்கள் நகையைக் கழற்றிவிடுவார்கள். கழற்றச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்; கழற்றாதவர்களை யாரும் மறக்கவும் மாட்டார்கள். அம்மா சங்கிலி, வளையல், தோடு, கல்யாண மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி, கூட்டம் நெரிகிற நேரத்தில் கடைக்கே கொண்டுபோய் அப்பாவின் மேசைமேல் வைத்தாள். அப்பா அவற்றைத் தாளில் மடித்து லாக்கருக்குள் வைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

வீட்டுக்கு வெளியே எழாமல் இருக்குமா. சொந்த வீட்டிலேயே விற்க முடியாதவன் ஊருக்கு விற்கிறான் என்று எதிர்க்கடைக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார். அப்பா சிரித்துக்கொண்டார். அம்மாவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பாட்டுக்குக் காலையில் கிளம்பி, பார்க்க ஆளில்லாத நோயாளிகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, சாயங்காலம் பசியோடு வீடு திரும்புவாள். கேட்டவர்களிடம், என் நகையெல்லாம் திருடன் வராத இடத்தில் இருக்கிறது என்பாள். சொல்லும்போது உண்மையாகவே லாக்கர் சாவியை இடுப்பில் வைத்திருப்பவள் மாதிரி நிம்மதியாக இருப்பாள். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பெரியவளும் கல்யாணத்துக்குப் பிறகு தோட்டைக் கழற்றினாள். தோடு கழன்றது. நிம்மதிதான் இன்னும் வந்து சேரவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா அவளைக் குனியச் சொன்னாள்.

"என்னை வெறுங்கையோடதான் அனுப்பணும். அப்பாவுக்கு மனசு கேக்காது. எதையாவது போட்டு விட்டுடுவாரு. நீ பார்த்துக்கோ."

பார்த்துக்கொள்வதாகப் பெரியவள் அம்மாவின் தலைமேல் கை வைக்காத குறையாகச் சொன்னாள். வலிக்கிறதா என்று கேட்கக்கூட அப்போது தோன்றவில்லை. நேற்றுச் சாயங்காலம் அம்மா போய்விட்டாள். அந்த நிமிடத்திலிருந்து பெரியவள் கண்கொத்திப் பாம்பாகக் காவலுக்கு நிற்கிறாள்.

காவல் காக்க வேண்டிய அளவுக்கு ஆபத்தும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் சபையில் ஒரு மூத்த சகோதரி இறந்தபோது, பிள்ளைகள் ஆசைக்கு ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டார்கள். பாஸ்டர் ஒன்றும் சொல்லாமல்தான் ஜெபித்தார். ஆனால் இறந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்ல எழுந்தவர்கள் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் ஆயுசெல்லாம் செய்த ஊழியம் போன இடம் தெரியவில்லை. சங்கிலியைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேசினார்கள். பேசியவர்களில் பெரியவளும் உண்டு.

காலையில் முதல் தாக்குதல் அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் தங்கை. அழுகைக்கும் பேச்சுக்கும் நடுவில் மூச்சு விடத் தெரியாதவள். கைப்பையில் தன் சங்கிலி ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தாள். கடைக்கு வருகிற பெரிய மனுஷர்களெல்லாம் துக்கத்துக்கு வருவார்கள், நகைக்கடைக்காரன் பெண்டாட்டி பிச்சைக்காரி மாதிரி கிடந்தால் அண்ணன் எந்த முகத்தோடு நாளைக்குக் கடை திறப்பான் என்று பெரியவளைச் சமையலறைக்குள் ஓரங்கட்டிக் கேட்டாள். பெரியவள் முடியாது என்றாள். அத்தை இறங்கி வந்தாள். கல்லறை வரைக்கும் கிடக்கட்டும், குழியில் இறக்குவதற்கு முன்னால் தானே கழற்றிக்கொள்வதாகச் சொன்னாள். பெரியவள் அதற்கும் முடியாது என்றாள். நீ உன் அம்மாவையே உரித்து வைத்திருக்கிறாய் என்று அத்தை திட்டினாள். வேறொரு நாளில் அது பெருமையாக இருந்திருக்கும்.

அத்தையைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. அவள் நகையை வாயால் மட்டும் போடுகிறவள். அப்பாதான் பயமாக இருந்தார். அழவில்லை, பேசவில்லை, யார் வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். ஒருமுறை அவர் அவளைத் தாண்டிப் போனபோது சட்டைப்பையில் ஏதோ கிணுகிணுத்தது. சாவி சத்தம் இல்லை. சில்லறை சத்தமும் இல்லை. நகைக்கடைக்காரர் மகளுக்கு எந்த உலோகம் எப்படிச் சத்தம் போடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கம் தங்கத்தோடு உரசிய சத்தம் அது.

அதற்குப் பிறகு, வந்தவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னபோது, அவர்களின் தோளுக்கு மேலே அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அப்பா சமையலறைக்குப் போனார். இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பாலிதீன் பை இருந்தது.

"கொஞ்ச நேரம் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பெட்டிக்காரர் நகர்ந்துகொண்டார். பெரியவள் நகராமல் நின்றாள். நானும் கூட இருக்கிறேனே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷனைக் கடைசியாக ஒருமுறை மனைவியோடு தனியாக இருக்கக்கூடாது என்று எந்த மகள் சொல்லுவாள். அவள் வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

கதவை ஒட்டி நின்று காதைக் கொடுத்தாள். அப்பா தணிந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது, என்னவென்று புரியவில்லை. பாலிதீன் சரசரத்தது. பிறகு ஒருமுறை அந்தக் கிணுகிணுப்பு. கூடத்திலிருந்து அத்தை அவளைப் பார்த்து, அண்ணன் மனசு தனக்குத் தெரியாதா, போட்டுத்தான் அனுப்புவான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பெரியவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்.

கதவு திறந்தபோது அம்மாவின் இரண்டு கைகளிலும் வெள்ளை உறைகள் இருந்தன. பெட்டிக்காரர் கைவிட்ட இடது கையை அப்பா வலது கைக்கு மேலே வைத்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. விரல்கள் ஐந்தும் அதனதன் இடத்தில் இருந்தன. மோதிர விரலின் நடுவில் மட்டும் துணி லேசாக மேடு தட்டியிருந்தது.

பெரியவள் அந்த மேட்டைப் பார்த்தாள். பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

அதற்குள் அம்மாவைப் பெட்டிக்குள் கிடத்திக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சனம் சேர ஆரம்பித்தது. ஒரு பக்கம் சபையார், மறு பக்கம் கடையின் பழைய வாடிக்கைக்காரர்கள். இவர்கள் கழுத்து வெறுமையாகவும் அவர்கள் கழுத்து நிறைவாகவும் இருந்ததால் கூடத்தில் யாரும் கோடு போட வேண்டியிருக்கவில்லை. பெரியவள் மலர்களைச் சரிசெய்கிற சாக்கில் இரண்டுமுறை அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. மோதிரமும் கெட்டிதான், செத்துப்போன விரலும் கெட்டிதான். எப்படிக் கண்டுபிடிப்பது. உறையை உருவினால் ஊரே பார்க்கும். உருவாமல் விட்டால், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மண்ணுக்குள் போய்விடும். சாட்சி சொல்ல எழுகிறவர்களில் எவர் கண்ணிலாவது பட்டால் அம்மா செய்த ஊழியமும் போகும், மானமும் போகும்.

விமான நிலையத்திலிருந்து சின்னவள் வந்தாள். படியேறும்போதே அழுதுகொண்டு வந்தவள், பெட்டிமேல் விழுந்து அம்மாவின் நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். சின்னவளுக்குச் சபை, கட்டுப்பாடு எதுவும் கிடையாது. காதில் தோடு ஆடியது, மூக்கு ஒழுகியது, ஒன்றையும் துடைத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கைமேல் முகத்தை வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். பெரியவளுக்குத் தங்கையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. இவளால் மட்டும் எப்படி இப்படி அழ முடிகிறது.

"அக்கா, நீ அழுதியா?" என்று சின்னவள் நிமிர்ந்து கேட்டாள்.

"வேலை கிடக்கே," என்றாள் பெரியவள்.

சின்னவள் எழுந்தபோது கையுறை நனைந்திருந்தது. நனைந்த துணி தோலோடு ஒட்டியது. மேடு முன்னைவிடத் தெளிவாக எழுந்து நின்றது. சபையார் பக்கத்தில் ஒரு சகோதரி அந்தக் கையையே பார்ப்பதாகப் பெரியவளுக்குத் தோன்றியது. பாஸ்டரின் கார் திருப்பத்தில் நிற்கிறது, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள்.

இனிப் பொறுக்க முடியாது என்று ஆகிவிட்டது. கையுறை நனைந்துவிட்டது, மாற்ற வேண்டும், எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொன்னாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள். சின்னவளை யாரோ தாங்கிப் பிடித்து அழைத்துப் போனார்கள். கடைசி ஆள் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு, உறையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முழு உறையும் உள்வெளியாகத் திரும்பி அவள் கையோடு வந்தது.

விரலில் ஒன்றும் இல்லை.

மூட்டுதான். வயதாகித் தடித்துப்போன அம்மாவின் விரல் மூட்டு. மற்ற விரல்களிலும் பார்த்தாள். மணிக்கட்டில் பார்த்தாள். சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தில் பார்த்தாள். புறங்கையில் ஊசி குத்திய இடம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். நிம்மதி வருவதற்குப் பதிலாக உடம்பெல்லாம் கூசியது. அம்மாவைச் சோதனை போட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

"இல்லையா?"

அப்பா கதவருகில் நின்றிருந்தார். எப்போது உள்ளே வந்தாரென்று தெரியவில்லை. அவள் உறையைப் பின்னால் மறைத்தாள், சின்னப் பிள்ளையைப்போல.

"என்னப்பா?"

"தேடினது."

உறை அவள் கையிலிருந்து கீழே நழுவியது. "அம்மாதான் பார்த்துக்கச் சொன்னாங்க," என்றாள்.

"சொல்லியிருப்பா. அவளுக்கு என்மேல சந்தேகம் போகவே இல்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கிட்டத்தட்டச் சிரிப்பு வந்தது. "ஆனா ஒருதரம் வேணாம்னு சொன்னவகிட்ட நான் ரெண்டாந்தரம் நீட்டினதில்ல. கடையிலயும் சரி, வீட்டுலயும் சரி."

"பாக்கெட்ல சத்தம் கேட்டுச்சுப்பா."

அப்பா சட்டைப்பைக்குள் கையை விட்டு எடுத்து உள்ளங்கையை விரித்தார். மூன்று மோதிரங்கள் இருந்தன. அவருடையவை. பெரியவள் அவர் விரல்களைப் பார்த்தாள். மோதிரங்கள் கிடந்த இடங்களில் தோல் வெளுத்து, குழந்தையின் தோல்போல மெல்லிசாக இருந்தது. காலையிலிருந்து அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாளாவது அவளை மாதிரி இருந்து பார்க்கலாம்னு கழட்டினேன்," என்றார். "என்னமோ மாதிரி இருக்கு. நாலு பேர் முன்னாடி கையை எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல. பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறேன்." கொஞ்ச நேரம் மனைவியைப் பார்த்தார். "இவ எப்படித்தான் இத்தனை வருஷம் பயமில்லாம இருந்தாளோ. அதைத்தான் அப்ப உள்ள கேட்டுக்கிட்டிருந்தேன்."

வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா மோதிரங்களைப் பைக்குள் போட்டுவிட்டு, கீழே விழுந்திருந்த கையுறையை எடுத்து உதறினார். அதை உள்வெளி திருப்பி, வாய்வைத்து ஊதி, ஒவ்வொரு விரலாக வெளியே தள்ளினார். உள்ளறையில் கிடந்த பாலிதீன் பையை எடுத்துவந்து பெரியவளிடம் கொடுத்தார். அவள் அதை அம்மாவின் கையில் மாட்டினாள்.

"பிடிச்சுக்கோ. மணிக்கட்டுக்கு மேல. நல்லா அழுத்திப் பிடி."

அவள் பிடித்தாள். அம்மா இறந்த பிறகு அந்தக் கையை அவள் பிடிப்பது அதுதான் முதல் தடவை. உறை வழுக்கிக்கொண்டு ஏறியது. சுண்டு விரல் தன் இடத்துக்குப் போனது, மோதிர விரல் தன் இடத்துக்குப் போனது.

"வலிக்காதும்மா," என்றார் அப்பா, வாய் பழகிய தோஷத்தில். சொன்ன பிறகு, பாலிதீன் நுனியை அவரால் சட்டென்று உருவ முடியவில்லை. பெரியவள்தான் உருவினாள்.

பாஸ்டர் வந்தார். கூடம் நிறைந்தது. பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். சாட்சி சொல்ல ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஆஸ்பத்திரி வார்டைக் கழுவுகிற ஓர் அம்மாள், பெயர் தெரியாத நோயாளி ஒருவர் சாகும்வரை இந்த அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னாள். பெயர் தெரியாதவருக்காக எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு, எனக்குத்தானே தெரியாது என்றாளாம். கடையின் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, வளையல் வாங்கப் போன இடத்தில் தன் மகனுக்காக அம்மா கண்ணீரோடு ஜெபித்ததைச் சொல்லி அழுதாள். அவள் கழுத்துச் சங்கிலி அவளோடு சேர்ந்து குலுங்கியது. சபையார் பக்கத்திலிருந்து யாரோ எழுந்து போய் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். அப்பா கையைப் பின்னாலேயே கட்டிக்கொண்டு நின்றார். அம்மாவின் கைகளை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மூடப்போகிறோம், குடும்பத்தார் கடைசியாக முகம் பார்க்கலாம் என்று பாஸ்டர் சொன்னார். அத்தை பார்த்தாள். சின்னவள் பார்த்து, மறுபடியும் சரிந்தாள். அப்பா குனிந்து நெற்றியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். பெட்டிக்காரரும் அவருடைய ஆளும் மூடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள்.

பெரியவள் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்த உடம்பை விட்டு நகராதவள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். அது அம்மா மாதிரியே இல்லை. ஏன் என்று ஒரு கணம் புரியாமல் நின்றாள். பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டியவர்கள் வகிட்டை இடது பக்கம் எடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு வகிடு நடுவில். பிறந்ததிலிருந்து பெரியவள் பார்த்த வகிடு. வெள்ளை முடிக்கு நடுவே நேராக ஓடும்.

"ஒரு சீப்பு வேணும்," என்றாள்.

பாஸ்டருக்குக் காதில் விழவில்லை. ஜெபப் புத்தகத்தைத் திறந்தபடி இருந்தார். அவள் இன்னொருமுறை, உரக்கவே கேட்டாள். அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. சின்னவள் தன் கைப்பையைக் கிளறி ஒரு சீப்பை எடுத்து நீட்டினாள். பெரியவள் பெட்டியோரம் முழங்காலிட்டு, ஈரமில்லாத அந்த முடியை நெற்றியிலிருந்து பின்னால் வாரினாள். அது படியவில்லை. தன் கன்னத்தைத் துடைத்த கையாலேயே தடவிவிட்டு மறுபடி வாரினாள். சபையார் எந்தப் பாட்டைப் பாடுவதென்று தெரியாமல் நின்றார்கள். பெட்டிக்காரர் தன் ஆளுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் மூடியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.